குளிர்காலத்தில் காரும் கோல்ஃப் பையும்: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நவம்பர் பிறந்துவிட்டால் நந்தனம் பக்கம் கோல்ஃப் ஆடுகிறவர்களிடையே ஒரே பேச்சுதான்: இந்த வருடமாவது காரை எடுத்துக்கொண்டு நாலு ஊர் மைதானங்களில் ஆடிவிட்டு வர வேண்டும். பேசுகிறவர்களில் பாதிப் பேர் கிளம்புகிறார்கள். மீதிப் பேர் சந்தேகங்களோடு நின்றுவிடுகிறார்கள். அந்தச் சந்தேகங்களும் வருடம் தவறாமல் அதேதான் என்பதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், வில்லங்கமானவை பின்னால்.

உள்ளூரிலேயே மைதானம் இருக்கிறது. இதற்காக ஊர் ஊராக அலைய வேண்டுமா?

சென்னையில் ஆடிப் பழகியவருக்கு மேடு பள்ளம் தெரியாது. கடல் மட்டத்தில், தட்டையான தரையில், வியர்வை வழிய ஆடுவதுதான் நமக்குத் தெரிந்த கோல்ஃப். பந்து காலுக்குக் கீழேயும் மேலேயும் நிற்கும் சரிவில் ஆட வேண்டுமானால் மலை ஏறித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நூற்றாண்டைத் தாண்டிய மைதானங்கள் இருக்கின்றன. பக்கத்தில் பெங்களூரில் 1876-இல் தொடங்கிய கிளப் இருக்கிறது. இவற்றை விமானத்தில் போய் ஆட முடியாதா என்றால் முடியும். ஆனால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் விமானம் போகாது.

எப்போது கிளம்பலாம்? டிசம்பர் விடுமுறை சரிப்படுமா?

டிசம்பர் முதல் பாதியை விட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில்தான் புயல் வரும். வர்தா 2016 டிசம்பர் 12 அன்று சென்னையிலேயே கரை கடந்தது. மிக்ஜாம் 2023 டிசம்பர் 4 அன்று சென்னையை மூழ்கடித்துவிட்டு, மறுநாள் ஆந்திராவில் பாபட்லா அருகே கரையேறியது. கல்கத்தா நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கடக்க வேண்டிய பகுதி அது.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை மலை ஊர்களில் அறை கிடைக்காது. கிடைத்தாலும் விலை மனதைக் கெடுக்கும். பொங்கல் வாரத்தில் சென்னையைவிட்டு வெளியேறுவதே ஒரு நாள் வேலை. ஆகவே நான் சொல்வது பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. அந்தக் காலத்திலும் ஒரு கவனம் வேண்டும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவெல்லாம் சாலையோரம் நடப்பார்கள். பச்சை, காவி உடையில், கையில் விளக்கில்லாமல், கூட்டம் கூட்டமாக நடப்பவர்கள் அவர்கள். கோவையிலிருந்து கொடைக்கானல் போகும் வழி பழனியைத் தொட்டுத்தான் போகிறது.

சார், முதல் முறை போகிறவனுக்கு ஒரு வழி சொல்லுங்கள். பத்து சொல்லிக் குழப்பாதீர்கள்.

சென்னை, பெங்களூர், மைசூர், ஊட்டி, கோவை, கொடைக்கானல், மறுபடி சென்னை. ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். பத்து நாள் வைத்துக்கொண்டால் மூச்சு முட்டாது.

பெங்களூரில் நகரின் நடுவே பழைய பெங்களூர் கோல்ஃப் கிளப்பும், பழைய விமான நிலையத்துப் பக்கம் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானமும் உள்ளன. பின்னது நீளமானது, தண்ணீர் நிறைந்தது, பந்துகளை விழுங்கும். மைசூரில் ஜெயசாமராஜ உடையார் பெயரிலுள்ள கிளப், சாமுண்டி மலை அடிவாரத்தில். ஊட்டியில் ஜிம்கானா கிளப், கோவையில் செட்டிபாளையம், கொடைக்கானலில் 1895-இல் ஏற்பட்ட கோல்ஃப் கிளப். நேரம் இடித்தால் கோவையை விடுங்கள், மைசூரை விடாதீர்கள். வண்டியும் உடம்பும் மலை ஏறுவதற்கு முன் ஒரு நாள் இளைப்பாற மைசூர் நல்ல ஊர்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் தலைகீழாகக் கேட்கிறார்கள். முதலில் தூரத்தைப் பிரித்து, தங்கும் ஊரை முடிவு செய்து, கடைசியில் ஆட்டத்தை இடுக்கில் செருகுகிறார்கள். விளைவு, மதியம் இரண்டு மணிக்கு முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கி, இருட்டுவதற்குள் பன்னிரண்டு குழி ஆடிவிட்டு, அடுத்த ஊருக்கு இரவில் ஓட்டுவது.

ஆட்ட நேரத்தை முதலில் வாங்குங்கள். எந்த மைதானத்தில் எந்தக் காலையில் ஆடுகிறோம் என்பது உறுதியான பிறகு சாலையை அதற்குப் பொருத்துங்கள். முந்தின நாள் மாலையே அந்த ஊரில் இருக்க வேண்டும். காலையில் ஆடிவிட்டு, மதியம் சாப்பிட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடிவிட்டு ஓட்டினால் 150 கிலோமீட்டர் சுகமாகப் போகலாம். பெங்களூர் முடித்து மைசூர், மைசூர் முடித்து ஊட்டி என்பது இந்தக் கணக்குக்குச் சரியாக அமைகிறது. ஆட்டம் இல்லாத நாளில் 400 முதல் 450 வரை. இருட்டியபின் ஓட்டுவது என் அட்டவணையில் கிடையாது. தைரியசாலிகள் தங்கள் அட்டவணையைத் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து கிளம்பும் நாள் மட்டும் விதிவிலக்கு. ஐந்து மணிக்கு முன் வீட்டைவிட்டுக் கிளம்பினால் ஸ்ரீபெரும்புதூர் லாரிகளிடமிருந்து தப்பலாம். ஆனால் கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகும் பகுதியில் காலைப் பனிமூட்டம் இருக்கும். வேலூரில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போனால் அது கலைந்திருக்கும்.

நான் எந்த கிளப்பிலும் உறுப்பினர் இல்லை. உள்ளே விடுவார்களா?

பல இடங்களில் விடுவார்கள், கட்டணம் கூடுதல். உறுப்பினராக இருந்தால் உங்கள் கிளப்புக்கும் அந்த கிளப்புக்கும் பரஸ்பர ஏற்பாடு இருக்கிறதா என்று செயலாளர் அலுவலகத்தில் கேட்டு அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த ஊரில் உறுப்பினராக இருக்கும் யாரையாவது பிடித்து விருந்தினராகப் போகலாம். ஹேண்டிகேப் சான்று, அதாவது உங்கள் ஆட்டத் திறனை எண்ணில் காட்டும் சான்று, கையில் இருக்கட்டும். அது இல்லாமல் முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் மேடையில்) நிற்கவிடாத மைதானங்கள் உண்டு.

சனி, ஞாயிறு காலை உறுப்பினர்களுக்கு. பல கிளப்களில் திங்கட்கிழமை பராமரிப்புக்காக மூடியிருக்கும். ஆக, வெளியூர்க்காரருக்குச் செவ்வாய் முதல் வெள்ளிவரை. மைசூர்போலக் குதிரைப் பந்தய மைதானத்துக்குள் இருக்கும் இடங்களில் பந்தய நாளில் ஆட்டம் இல்லை. ராணுவத்தின் கையில் உள்ள மைதானங்களுக்கு முன் அனுமதி வேண்டும். வாசலில் போய் நின்று பேசிப் பயனில்லை.

எதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு கிளப்பில் தொலைபேசியில் "வாருங்கள்" என்றவர் மறுநாள் விடுப்பில் போய்விட்டார். வாசலில் இருந்தவருக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மின்னஞ்சலில் இரண்டு வரி இருந்திருந்தால் அந்தக் காலை வீணாகியிருக்காது.

சுங்கச்சாவடிச் செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. 2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்திருக்கிறது. வந்தபோது அதன் விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும் செல்லும். மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளில் வழக்கம்போலப் பணம் போகும். ஆகவே பாஸ் இருந்தாலும் ஃபாஸ்டேக் கணக்கில் பணம் வைத்திருங்கள். தெற்குச் சுற்று ஒன்றுக்காக மட்டும் வாங்குவது அவ்வளவு லாபமில்லை. கல்கத்தா, டெல்லி என்று நீளுமானால் யோசிக்கவே வேண்டாம்.

என்னுடையது ஹேட்ச்பேக். மூன்று பேர், மூன்று பை. நடக்குமா?

மூன்று பேர் உட்கார்ந்தால் பின் இருக்கையின் ஒரு பக்கத்தை மடக்கலாம். பெரிய வண்டிப் பைகளை வீட்டில் வைத்துவிட்டு, தோளில் மாட்டும் மெல்லிய பைகளைக் கொண்டுபோனால் மூன்றும் நீளவாக்கில் அடங்கும். பையிலேயே நீளமான டிரைவர் மட்டை சுமார் 45 அங்குலம். இடத்தைப் பிடிப்பது அதுதான். அதையும் மர மட்டைகளையும் தனியே உருவி, துண்டில் சுற்றி, மேலே குறுக்காக வையுங்கள். துணிமணிக்கு மென்மையான பைகள் போதும். கடினமான சூட்கேஸ் ஒன்று வந்தால் எல்லாக் கணக்கும் கெட்டுவிடும்.

யாருடைய பையிலும் 14 மட்டைக்கு மேல் வேண்டாம். விதியும் அதுதான், டிக்கியும் அதுதான்.

மைசூரில் இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் விடியற்காலையில் ஊட்டியில் ஆடலாமே?

முடியாது. பந்திப்பூர், முதுமலை காட்டுச் சாலை இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணிவரை மூடியிருக்கும். விலங்குகள் அடிபடுவதைத் தடுக்க 2009-இல் வந்த தடை அது. சத்தியமங்கலம் காட்டு வழியாகத் திம்பம் மலைப்பாதையில் சுற்றிப் போகலாம் என்று வரைபடம் காட்டும். அங்கேயும் இரவுத் தடை உண்டு. மதியம் இரண்டு மணிக்குள் மைசூரைவிட்டுக் கிளம்பி, வெளிச்சத்திலேயே மலை ஏறிவிடுங்கள்.

முதுமலைக்குப் பின் இரண்டு வழி. மசினகுடி, கல்லட்டி வழி குறுக்கு. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்து. வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. கூடலூர் வழி நீளம், நிம்மதி. பாரம் ஏற்றிய காரில் கூடலூர் வழியையே எடுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். இணையத்தில் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களை நீலகிரி எல்லையில் பறித்துவிடுவார்கள்.

காலை ஆறரைக்கே ஊட்டி மைதானத்தில் போய் நின்றோம். வெகுநேரம் ஆடவிடவில்லை. என்ன நியாயம் இது?

புல்லின் நியாயம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை ஊட்டியில் உறைபனி விழும். தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளி முழுவதும் உப்பு தூவியது மாதிரி வெளுத்திருப்பதை நாளிதழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் புல்லின் தாளுக்குள் இருக்கும் நீர் உறைந்து, தாள் விறைத்து நிற்கும். மேலே கால் வைத்தால் உள்ளே செல்கள் நொறுங்கிவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. வெயில் ஏறியபின் நீங்கள் நடந்த வழியெல்லாம் காலடித் தடங்கள் பழுப்பாகக் கருகித் தெரியும். மற்ற இடத்தில் பரவாயில்லை, குழியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிய புல்லான கிரீனில் அந்தத் தழும்பு ஆற வாரங்கள் ஆகும்.

அதனால் மலையில் ஆட்ட நேரத்தை ஒன்பதுக்கு மேல் வாங்குங்கள். காத்திருக்கும் நேரத்தில் கிரீனில் உங்கள் பந்துப் பாதையிலுள்ள பனியைத் துடைத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. விதிப்படி உறைபனியும் வெறும் பனித்துளியும் அகற்றத்தக்க தளர்பொருளும் (இலை, சருகுபோல ஒட்டாமல் கிடப்பது) அல்ல, தேங்கிய நீரும் அல்ல. துடைத்தால் தண்டனை.

மலையில் பந்து அதிகத் தூரம் போகும் என்கிறார் ஒருவர், குளிரில் தூரம் குறையும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

இருவரையும். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, பந்துக்குத் தடை குறைவு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடும். சென்னையில் 140 யார்டு போகும் 7-அயர்ன் (இடைத்தூர மட்டை) அடி 150-ஐ எட்டும். பெங்களூர் 900 மீட்டர். அங்கே மூன்று, நான்கு சதவீதம்.

குளிர் எதிர்த்திசையில் இழுக்கும். காற்று கெட்டிப்படும், பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர் விறைக்கும், நம் தோளும் விறைக்கும். காலைக் குளிரில் முதல் சில குழிகளுக்கு உயரத்தின் லாபத்தில் பாதியாவது போய்விடும். பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் அது திரும்பி வரும். அப்போதுதான் பலர் கிரீனைத் தாண்டி அடித்து விழிக்கிறார்கள். ஆக, முதல் பாதியில் சென்னைக் கணக்குக்குச் சற்று மேலே, பின்பாதியில் ஒரு படி குறைந்த தூரத்துக்கான மட்டை. பந்துகளை இரவில் காரில் விடாமல் அறைக்குக் கொண்டுபோங்கள். ஆட்டத்தின் நடுவே கருவி வைத்துப் பந்தைச் சூடாக்குவது விதிமீறல்.

மைதானத்தில் காலர் சட்டை, சரி. இரவுச் சாப்பாட்டுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா?

தமிழ்நாட்டில் தாராளமாக. வேட்டி கட்டியவரை கிளப்கள் தடுக்கக் கூடாது என்று 2014-இல் சட்டமே வந்தது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது செல்லும். மாநில எல்லை தாண்டினால் அந்தந்த கிளப்பின் வழக்கம்தான். பெங்களூரிலும் கல்கத்தாவிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆடும்போது ஜீன்ஸ், வட்டக் கழுத்து பனியன் எங்கும் ஆகாது. காலணியில் உலோக ஆணி வேண்டாம், மென்முனைதான்.

தெற்குச் சுற்று முடித்தாயிற்று. கல்கத்தா வரை ஓட்டலாமா?

அவசியம் போங்கள். 16-ஆம் எண் நெடுஞ்சாலை, விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் வழியாகச் சுமார் 1,680 கிலோமீட்டர். விஜயவாடா 450, அங்கிருந்து விசாகப்பட்டினம் 350. விசாகப்பட்டினத்தில் ஈஸ்ட் பாயின்ட் கிளப்பில் ஆடிவிட்டு ஒரு நாள் தங்குங்கள். அங்கிருந்து புவனேஸ்வர் 440, பின்னும் ஏறக்குறைய அதே தூரம் கல்கத்தா. நான்காவது கேள்வியில் சொன்ன கணக்குப்படி இவை ஆட்டம் இல்லாத நாட்களின் ஓட்டம்.

முடிவில் காத்திருப்பது ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், 1829-இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. தட்டையான தரைதானே என்று ஏமாற வேண்டாம், திரும்பிய பக்கமெல்லாம் குளம். இந்த மைதானப் பராமரிப்பு ஊழியரின் மகனாக இங்கே ஆடப் பழகிய எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். அவருடைய குறுகிய தூர ஆட்டத்தின் சிக்கனம் எங்கிருந்து வந்தது என்பது இந்தக் குளங்களின் கரையில் நின்றால் விளங்கும்.

நம் ஊர்க்காரர்கள் சறுக்கும் இடம் வேறு. கல்கத்தாவில் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். 18 குழிக்கு நாலரை மணி நேரம் என்றால் பதினொன்றரைக்குப் பிறகு தொடங்குவது வீண்.

அப்படியானால் டெல்லி?

ஜனவரியில் வேண்டாம் என்பேன். ஹைதராபாத் வரை போங்கள். கோல்கொண்டா நயா கிலாவில் கோட்டைச் சுவருக்குள் ஆடலாம். பருத்துக் கிடக்கும் பழைய பாவோபாப் மரம் ஒன்றையும் பார்க்கலாம். நாக்பூர் வரைகூட 44-ஆம் எண் சாலை அருமை. அதற்கு வடக்கே குவாலியர், ஆக்ரா பக்கம் போனதும் மூடுபனி. நம் கிருஷ்ணகிரிப் பனியை வைத்து அதை மதிப்பிடாதீர்கள். அங்கே முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு தெரிவதற்குள் அதை முட்டியிருப்பீர்கள். யமுனா விரைவுச் சாலையில் குளிர்காலத்துக்கென்று கார்களின் உச்ச வேகத்தையே 100-லிருந்து 75 ஆகக் குறைக்கிறார்கள். மைதானத்திலும் பனி கலையும்வரை ஆட்டம் தொடங்காது. பழைய கல்லறை மண்டபங்களுக்கும் மயில்களுக்கும் நடுவே டெல்லி கோல்ஃப் கிளப்பில் ஆடும் ஆசை எனக்குப் புரிகிறது. பிப்ரவரி கடைசியில் போங்கள்.

மனைவியும் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் என்ன செய்வார்கள்?

மைசூர், ஊட்டி, கொடைக்கானலில் பிரச்சினையில்லை. நீங்கள் ஆடி முடிப்பதற்குள் அவர்கள் ஒரு அரண்மனையோ பூங்காவோ பார்த்து வந்துவிடுவார்கள். கார் சாவியை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஆடினால் மூன்றாம் நாள் மட்டையைத் தொடக்கூடாது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொண்ட குடும்பங்கள்தான் அடுத்த வருடமும் சேர்ந்து போகின்றன.

கொடைக்கானலில் காட்டெருமை வந்து நின்றுகொண்டது. பந்து அதன் காலடியில். விதி என்ன சொல்கிறது?

முதலில், பந்து போகட்டும். ஆபத்தான விலங்கு பக்கத்தில் இருந்து பந்தை ஆட முடியாத நிலைக்கு விதி 16.2 இடம் கொடுக்கிறது. குழிக்கு நெருக்கமாகப் போகாமல், ஆபத்து இல்லாத இடத்தில் தண்டனையின்றி வேறு பந்தைப் போட்டு ஆடலாம். எருமையே பந்தை உதைத்து நகர்த்தியிருந்தால் பழைய இடத்தில் வைத்து ஆடுங்கள். துல்லியமாகத் தெரியாவிட்டால் மதிப்பிட்ட இடத்தில். அதற்கும் தண்டனை இல்லை.

சாணம் தளர்பொருள்தான், அகற்றலாம். ஆனால் அகற்றும்போது கிரீனுக்கு வெளியே பந்து நகர்ந்தால் ஓர் அடி தண்டனை, அதாவது கணக்கில் ஓர் அடி கூடும். பந்தையும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். பந்தோடு ஒட்டிக்கொண்டுவிட்ட சாணம் தளர்பொருள் ஆகாது, அப்படியே ஆட வேண்டும் அல்லது ஆட இயலாத பந்து என்று அறிவித்து ஓர் அடி கொடுக்க வேண்டும். குளம்படிக் குழியில் பந்து கிடந்தால் ஃபேர்வேயில் (குழிக்குப் போகும் வழிப் புல்வெளியில்) இலவச நிவாரணம் இல்லை, மைதானக் குழு அந்த இடத்தைப் பழுதுப் பகுதியாகக் குறித்திருந்தால் தவிர. கிரீனில் இருந்தால் குளம்படியைச் சரிசெய்துவிட்டு அடிக்கலாம். எருமை கிளம்பிப் போனபிறகு.